மதுரைக்கு ஒரு நாள்: தமிழ் தெரிந்தவருக்கு கைடு எதற்கு?

சென்னையிலிருந்து அப்பா, அம்மா, பன்னிரண்டு வயது மகளோடு ஒரே ஒரு நாள் மதுரைக்கு வருவதாகச் சொல்லி, "எங்கள் குடும்பத்துக்கு மட்டும் தனியாக ஒரு கைடு வைத்துக்கொண்டால் பிரயோஜனம் உண்டா, இல்லை காசு வாங்கிக்கொண்டு கதை விடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ் படிக்கத் தெரியும், கோயிலுக்குப் போய்ப் பழக்கம், போனில் எல்லாத் தகவலும் கிடைக்கிறது, அப்புறம் எதற்கு ஒரு ஆள் என்பதுதான் கேள்விக்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். அதோடு, அந்த ஆள் சொல்வதில் எது வரலாறு, எது கதை என்று எப்படிப் பிரிப்பது என்பதும்.

நான் வரலாறு படித்தவன், கல்வெட்டியலில் பட்டயம் வாங்கியவன். இருபத்திரண்டு வருடமாக மதுரையில் சுற்றுலா வழிகாட்டி. ஒரு கைடிடம் போய் கைடு தேவையா என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று நீங்கள் யோசிப்பது நியாயம். அதனால் தேவையில்லாத இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மீனாட்சி அம்மன் கோயிலில் அம்மனையும் சொக்கநாதரையும் கும்பிட்டுவிட்டு, பொற்றாமரைக் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, கோயில் பிரசாதம் வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் திட்டம் என்றால் யாரும் வேண்டாம். எங்கே எதை வணங்குவது என்று உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "கைடு வந்தால் வரிசையில் நிற்காமல் நேராகக் கூட்டிப்போவார்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிறப்பு தரிசன டிக்கெட் கோயில் கவுன்டரில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கிடைக்கிறது. அதை வாங்கித் தருவதற்குத் தனியாக ஒருவர் பணம் கேட்டால் அவர் வழிகாட்டியே இல்லை.

கும்பிடுவதோடு பார்க்கவும் வேண்டும் என்றால் விஷயம் வேறு. கோயிலுக்குள் போவோர் பெரும்பாலும் சந்நிதியைக் குறிவைத்து வேகமாக நடக்கிறோம், வழியில் இருப்பது கண்ணில் படுவதில்லை. வெள்ளியம்பலத்து நடராஜரை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கி ஆடுகிறவர் இங்கே வலது காலைத் தூக்கி ஆடுகிறார். "கால் மாறி ஆடியது" என்று திருவிளையாடல் கதையாக உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் சிலைக்கு முன்னால் நின்று அதைக் கவனித்தவர்கள் குறைவு. நான் குழந்தைகளிடம் சொல்லிவிடுவதில்லை. "சிதம்பரத்துச் சாமிக்கும் இந்தச் சாமிக்கும் ஆறு வித்தியாசம் வேண்டாம், ஒரே ஒரு வித்தியாசம் கண்டுபிடி" என்பேன். கண்டுபிடித்த பிள்ளை அன்று முழுவதும் எனக்கு முன்னால் நடக்கும். அதே மாதிரி கம்பத்தடி மண்டபத்துத் தூணில் இருக்கும் மீனாட்சி கல்யாணச் சிற்பம். நாட்காட்டியிலும் கல்யாணப் பத்திரிகையிலும் ஆயிரம் தடவை பார்த்த படத்துக்கு மூலம் அந்தக் கல்தான். பெருமாள் தாரை வார்க்கிறார், பாண்டியன் மகள் தலை குனிந்து நிற்கிறாள். அந்த வெட்கத்தைச் சிற்பி கல்லில் எப்படிக் கொண்டுவந்தான் என்பதைப் பார்க்க ஒரு நிமிடம் பக்கவாட்டில் நிற்க வேண்டும். எந்தப் பக்கம் நிற்பது என்று காட்டுவதற்குத்தான் ஆள்.

சரி, கதைக்கு வருவோம். "இந்தக் கோயில் 2500 வருடத்துக்கு முந்தையது" என்று எந்த கைடும் சொல்வார். இதை இரண்டாக உடைத்துக் கேளுங்கள். ஊர் பழையது என்பதில் சந்தேகமில்லை. ஊருக்கு வடகிழக்கே மாங்குளத்து மலைக் குகையில் நெடுஞ்செழியன் என்ற பெயரோடு, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்று கணித்தார். கோயிலும் பழையதுதான். 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இங்கே வந்து பாடிய பதிகங்கள் நம் கையில் உள்ளன, திருநீற்றுப் பதிகம் இந்தத் தலத்துக்கு, அதாவது ஆலவாய்க்கு உரியது. ஆனால் இன்று நீங்கள் தொட்டுப் பார்க்கும் கல், தூண், மண்டபம் எல்லாம் அந்தக் காலத்தவை அல்ல. 1311இல் மாலிக் காபூர் படையெடுப்பு, அப்புறம் மதுரை சுல்தான்கள் ஆட்சி, அதன் பின் விஜயநகரம், நாயக்கர்கள் என்று கோயில் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டிருக்கிறது. கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. உயரமான தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டு, செவ்வந்திச் செட்டியார் என்பவர் கட்டியது. சுமார் 170 அடி. ஆயிரங்கால் மண்டபமும் 16ஆம் நூற்றாண்டுதான், அரியநாத முதலியார் பெயரோடு சேர்ந்தது. மண்டபங்களில் நம்மை நிற்கவைக்கும் சிற்பங்களில் பெரும்பகுதி நாயக்கர் காலத்தவை.

கோபுரத்தைப் பற்றி இன்னொன்று. அடிப்பகுதி கல், மேலே போகப்போக செங்கல்லும் சுதை என்ற சுண்ணாம்புக் காரையும். சுதை மழையில் கரையும், வெடிக்கும். அதனால் ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் பொம்மைகளைச் சரிசெய்து வண்ணம் பூசுவார்கள். 2009இலும் அப்படித்தான் நடந்தது. எனவே கோபுரத்து உச்சியைக் காட்டி, "எண்ணூறு வருடமாக அழியாத வண்ணம்" என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டு வேறு பக்கம் பாருங்கள்.

எண்களிலும் கவனமாக இருங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. மீதி இடத்தில் இரண்டு சிறு கோயில்கள் இருப்பதால் கணக்கு குறைகிறது. இது எண்ணிப் பார்க்கக்கூடிய எண். கோயிலில் 33,000 சிற்பங்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நான் எண்ணியதில்லை, எண்ணியவரையும் இதுவரை சந்திக்கவில்லை. முக்குறுணி விநாயகர் பெயருக்குக் காரணம் சுலபம்: ஒரு குறுணி ஆறு படி, மூன்று குறுணி பதினெட்டுப் படி, விநாயகர் சதுர்த்திக்குப் பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை. இது இன்றும் நடக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம். அந்த விநாயகர் வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டும்போது பூமியில் கிடைத்தவர் என்பது செவிவழிச் செய்தி. நான் இரண்டையும் சொல்வேன், ஆனால் இரண்டையும் ஒரே குரலில் சொல்ல மாட்டேன்.

இந்தப் பழக்கம் எனக்கு ஆரம்பத்தில் இருந்ததில்லை. திருமலை நாயக்கர் மகாலில் நின்றுகொண்டு, "இதைக் கட்டியவர் ஒரு இத்தாலியக் கட்டடக் கலைஞர்" என்று ஆறேழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குச் சொன்னவர்கள் அப்படிச் சொன்னார்கள், வளைவுகளைப் பார்த்தால் நம்பும்படியும் இருந்தது. ஒரு நாள் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், ரொம்ப மரியாதையாக, "அவர் பேர் என்னங்க? எதுல எழுதியிருக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவே தேட ஆரம்பித்தேன். உறுதியான சான்று ஒன்றும் கையில் சிக்கவில்லை. இப்போது, "இந்தோ சாரசெனிக் என்று பின்னால் பெயர் வாங்கிய பாணிக்கு முன்னோடி மாதிரி, உள்ளூர் மரபும் இஸ்லாமிய வளைவுகளும் கலந்த கட்டடம். இத்தாலியர் என்பது கேள்விப்பட்ட பேச்சு" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மகாலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை வேறு. 1636இல் கட்டியது. நீங்கள் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்வாசி அளவுதான், சொர்க்கவிலாசம் என்ற பகுதி. அரங்கவிலாசம் என்ற இன்னொரு பெரும் பகுதி போய்விட்டது. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பிரித்து எடுத்துப் போனார் என்பார்கள். மிச்சமிருந்ததும் இடிந்துகொண்டிருந்த நேரத்தில், சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1866க்கும் 1872க்கும் இடைப்பட்ட தம் பதவிக் காலத்தில் பழுதுபார்க்க வைத்தார். அப்புறம் கொஞ்ச காலம் அது கோர்ட்டாகவும் இருந்தது. கோயில் பட்டர் நாயக்கரை நிலவறைக்குள் இறக்கிக் கல்லைப் போட்டு மூடிவிட்டார் என்ற கதையும் உங்கள் காதில் விழும். கதை நன்றாகத்தான் இருக்கும், மகள் கண் விரியக் கேட்பாள். அது கதை என்று சொல்லிவிட்டுச் சொல்கிறாரா என்பதுதான் பரீட்சை.

அரண்மனை எவ்வளவு பெரியது என்பது டிக்கெட் வாங்கி உள்ளே போனால் தெரியாது. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் பத்துத்தூண் சந்து வரும். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பிரம்மாண்டமான பத்துத் தூண்கள் கூரையில்லாமல் நிற்கும். பழைய அரண்மனையின் மிச்சம் அது. தூணில் சாய்ந்து ஒருவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். பக்கத்திலேயே நவபத்கானா தெரு, அரண்மனை நகரா மேளம் முழங்கிய இடத்தின் பெயர். தனி கைடு வைப்பதன் முழுப் பலனும் எனக்குத் தெரிந்து இந்த மாதிரி நடையில்தான் கிடைக்கிறது. பஸ்ஸில் நாற்பது பேரைக் கூட்டிவரும் சுற்றுலா இந்தச் சந்துக்குள் நுழைய முடியாது. நான்கு பேர் என்றால் நின்று, திரும்பிப் பார்த்து, ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டுப் போகலாம்.

வீதிகளே ஒரு பாடம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில் வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக இருக்கும். எந்த மாதத்துத் திருவிழாவோ அந்த மாதத்தின் பெயர் வீதிக்கு. அப்படியானால் சித்திரைத் திருவிழாவின் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி அழகர் திருவிழாவோடு இணைத்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பெரிய தேருக்கு மாசி வீதியின் அகலமும் வேண்டியிருந்தது. பரிபாடல் மதுரையைத் தாமரைப் பூவுக்கும் தெருக்களை அதன் இதழ்களுக்கும் ஒப்பிடுகிறது. அதைச் சொல்லி, இந்தச் சதுரங்கள் சங்க காலத்திலிருந்து இப்படியே இருக்கின்றன என்று முடித்துவிடுவார்கள். அதற்குச் சான்று இல்லை. இப்போதைய அமைப்பை 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்தோடு சேர்ப்பதுதான் வழக்கம்.

வெளி வீதி மட்டும் எப்படி வந்தது என்பது தெளிவாகத் தெரியும். அங்கே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையில் இருந்த இருவர் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும். விளக்குத்தூண் என்று பஸ் நிறுத்தத்துக்கும் ஜிகர்தண்டாவுக்கும் அடையாளமாக ஊரே சொல்லும் அந்தத் தூண் பிளாக்பர்ன் நினைவாக நட்டது. தினமும் அதைக் கடந்து போகும் மதுரைக்காரர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. கோட்டையில் ஒரு துண்டு மட்டும் பெரியார் பேருந்து நிலையம் பக்கம் இன்னும் நிற்கிறது.

புதுமண்டபத்தைப் பற்றி உங்கள் அப்பா கேட்பார், அந்தத் தலைமுறை அங்கே துணி தைக்கக் கொடுத்திருக்கும். கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்தில் நிற்கிறார்கள், கல்யானை கரும்பு தின்னும் சிற்பமும் இருக்கிறது. தையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. உள்ளே போக முடியுமா என்பது அந்தந்த நேரத்துப் பராமரிப்பு வேலையைப் பொறுத்தது.

கீழடியை அதே நாளில் திணிக்காதீர்கள். ஊரிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர்தான், ஆனால் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். அங்கே கிடைத்த ஒரு கரிம மாதிரி கி.மு. 580 என்று காட்டியதாக மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. செங்கல் கட்டடங்களும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கண்ணெதிரே இருக்கின்றன. அந்த அடுக்குகளின் காலத்தை எவ்வளவு பின்னுக்குக் கொண்டுபோகலாம் என்பதில் அறிஞர்களிடையே வழக்கு தீரவில்லை. பழைய மதுரை இப்போதைய கோயிலைச் சுற்றித்தான் இருந்ததா, கீழடி, மணலூர் பக்கம் இருந்ததா என்பதும் அப்படித்தான். மக்கள் நெருக்கி வாழும் ஊருக்கு அடியில் தோண்டிப் பார்க்க வழியில்லையே.

ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி. மத்திய சுற்றுலா அமைச்சகமோ மாநில சுற்றுலாத் துறையோ கொடுத்த படம் போட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். அட்டை இருந்தால் நல்ல கைடு என்று அர்த்தமில்லை. பயிற்சி பெற்றவர், புகார் செய்ய ஒரு இடம் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். அட்டை இல்லாமல் அருமையாகச் சொல்லும் பெரியவர்களையும் எனக்குத் தெரியும். போனில் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். "எங்களோடு முட்டி வலி உள்ளவர்கள் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டால், நேரத்தைப் பற்றியும் நடை தூரத்தைப் பற்றியும் திருப்பிக் கேட்பவர் நல்லவர். எடுத்த எடுப்பில் பத்து இடங்களின் பெயரை ஒப்பிப்பவரை விட்டுவிடுங்கள். அரை நாளா முழு நாளா, கார் உண்டா, நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு, கடைக்குக் கூட்டிப்போவீர்களா என்ற நான்கையும் முன்பே பேசிவிடுங்கள். தொகையை நான் எழுதவில்லை. இன்று எழுதினால் அடுத்த வருடம் தப்பாகிவிடும், சீசனுக்கும் மொழிக்கும் தகுந்தபடி மாறும்.

கடை விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கோயிலைச் சுற்றி, "மாடிக்கு வாங்க, கோபுரம் முழுசாத் தெரியும், காசு வேண்டாம்" என்று கூப்பிடும் கைவினைக் கடைகள் உண்டு. கோபுரம் நன்றாகவே தெரியும். இறங்கும்போது இரண்டு மாடி சாமான்களைக் கடந்து வர வேண்டியிருக்கும், நீங்கள் வாங்கினால் கூட்டிவந்தவருக்குக் கமிஷன் போகும். என் தொழிலில் பாதிப் பேரின் வயிறு அதில்தான் நிறைகிறது. நானும் முதல் சில வருடங்கள் வாங்கியவன்தான். கைடு சம்பளம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகவோ இலவசமாகவோ இருந்தால் மீதியை யாரோ கொடுக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் ஒரு நாளுக்கு நான் சொல்வது இது. வெள்ளிக்கிழமை, பிரதோஷம், விடுமுறை நாள் தவிர்த்து வாருங்கள். காலை ஆறரைக்குக் கோயில். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். செருப்பையும் போனையும் எந்த வாசலில் விட்டீர்களோ அதே வாசலில்தான் வெளியே வர வேண்டும். இதை மறந்து வேறு வாசலில் வந்துவிட்டு, சுடுகல்லில் பாதி சித்திரை வீதியைச் சுற்றி ஓடியவர்கள் ஏராளம். முதலில் தரிசனத்தை முடித்துவிட்டு வாருங்கள். சந்நிதி வரிசையில் நின்றபடி விளக்கம் கேட்க முடியாது, பின்னால் இருப்பவர் திட்டுவார். கும்பிட்ட நிம்மதியோடு பெரியவர்கள் பொற்றாமரைக் குளத்தருகே உட்காரட்டும், அப்புறம் சிற்பம், ஆயிரங்கால் மண்டபம். பத்தரைக்கு வெளியே வந்து விளக்குத்தூண், பத்துத்தூண், மகால். கோயில் நடை மதியம் 12.30 வாக்கில் சாத்தி 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அந்த நேரம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் வந்தால் தூக்கத்தை நீட்டிக்கொள்ளுங்கள்.

மாலையில் பிரிந்துகொள்ளலாம். பெற்றோர் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு ஆட்டோவில் போகட்டும், கரையில் உட்காரலாம், காற்று வரும். நீங்களும் மகளும் கைடோடு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். செட்டிப்புடவு குகையில் உட்கார்ந்த கோலத்தில் ஒரு பெரிய தீர்த்தங்கரர், அதாவது சமணர் வணங்கும் அருகர், இருக்கிறார். ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் பாறையை ஒட்டி வரிசையாகச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து, தமிழைப் பழைய காலத்தில் எழுதிய ஒரு எழுத்துமுறை. 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அந்த எழுத்தில் நாலு எழுத்தாவது உங்கள் மகளைப் படிக்கவைக்கக்கூடிய ஆளாகப் பார்த்து அமர்த்துங்கள். தெம்பு இருந்தால் இரவு எல்லோரும் மறுபடி கோயிலுக்குப் போய்ப் பள்ளியறை பூஜை பாருங்கள். சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் வைத்து அம்மன் சந்நிதிக்குக் கொண்டுபோவார்கள். அதற்குக் கைடு வேண்டாம், பகலிலேயே அனுப்பிவிடுங்கள்.

பூஜை முறை, ஆகமம், நேர்த்திக்கடன் பற்றி உங்கள் அம்மாவுக்குக் கேள்வி இருந்தால் பட்டர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். எனக்குப் பயிற்சி கல்லிலும் எழுத்திலும்தான், பூஜை விஷயத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. தெப்பக்குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்பதை வருவதற்கு முந்தின வாரம் இங்கேயே கேளுங்கள். வருடக்கணக்கில் வறண்டு பையன்கள் கிரிக்கெட் ஆடிய குளம் அது. இப்போது வைகைத் தண்ணீர் விடுகிறார்கள், ஆனாலும் மாதத்துக்கு மாதம் மாறும். பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.